திங்கட்கிழமை விரல்

திங்கட்கிழமை காலை நாலே முக்காலுக்கெல்லாம் அந்த வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்துவிடும். டிரைவர் குளித்து முடித்து, டிப்போ சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார். கறுப்பு உறையைத் திறந்து உள்ளங்கை அளவு மெஷினை வெளியே எடுப்பார். டப்பாவிலிருந்து ஒரு டெஸ்ட் பட்டையை உருவி மெஷினின் வாயில் செருகுவார். பேனா மாதிரி இருக்கும் ஊசியை முடுக்கி வைப்பார். இதுவரைக்கும் சர்க்கரை வியாதி உள்ள எந்த மனிதரும் செய்கிற காரியம்தான். அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பி, "ம், வா" என்பார். அவருடைய மனைவி ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, இடது கை மோதிர விரலை நீட்டுவாள்.

வியாதி அவருக்கு, விரல் அவளுக்கு. இந்த ஏற்பாடு எட்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. இது என்ன கூத்து என்று கேட்க வீட்டில் வேறு ஆளில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். திங்கட்கிழமைதோறும் போன் பண்ணி அப்பாவின் சுகர் எவ்வளவு என்று கேட்பாள். அது எந்த விரலில் இருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியாது.

டிரைவர் ஓட்டுவது டவுன் பஸ். இருபத்துமூன்று வருடமாக ஒரே டிப்போ. போன வருடம் வேறு ஏதோ டிப்போவில் ஒரு டிரைவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் சாத்திவிட்டார். அதிலிருந்து எல்லா டிப்போவிலும் ஒரு நர்ஸம்மாவைப் போட்டுவிட்டார்கள். அந்தம்மா எல்லாருக்கும் ரத்தம் பார்த்து, சுகர் உள்ள பதினோரு பேருக்கு ஆளுக்கொரு மெஷின் கொடுத்தார். திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் வீட்டிலேயே பார்த்துவிட்டு, மெஷினை டிப்போவுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எண்கள் தேதியோடு மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும். பட்டைகூட வாரத்துக்கு ஒன்று என்று எண்ணித்தான் கொடுப்பார். தொடர்ந்து மூன்று திங்கட்கிழமை இருநூறைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஷெட்டில் பஸ் கழுவப் போக வேண்டும்.

நோட்டுப் புத்தகமாக இருந்திருந்தால் டிரைவர் தன் கையாலேயே நல்ல எண்ணாகப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருப்பார். இந்த மெஷின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நர்ஸம்மா பார்த்த அன்று அவருக்கு இருநூற்று அறுபத்தெட்டு. முதல் திங்கட்கிழமை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் முன்னால் ஷெட்டும், தண்ணீர்க் குழாயும், ரப்பர் பூட்ஸும்தான் தெரிந்தன. தன் விரலைப் பார்த்தார். டீ கொண்டுவந்து வைத்த மனைவியின் விரலைப் பார்த்தார்.

"ஏய், உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன?"

"விரலைக் காட்டு."

"எதுக்குங்க?"

"காட்டுன்னா காட்டேன். மெஷினுக்கு என்ன தெரியும், இது ஆம்பளை ரத்தமா பொம்பளை ரத்தமான்னு?"

நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதைப் பார்த்து டிரைவர் சிரித்த சிரிப்பு, மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூடச் சிரிக்காத சிரிப்பு. "தங்க விரல்டி உனக்கு" என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் உடம்பில் ஏதோ ஒன்றை அவர் வாய்விட்டுப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, பொய் சொல்லக் கூடாது. அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியெல்லாம் கட்டைவிரலால் அந்த விரல் நுனியைத் தடவிக்கொண்டே போனாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய லாண்டரியில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். முன்கூடத்தில் வெளுத்து, நடுக்கூடத்தில் பிழிந்து, கடைசிக் கூடத்தில் அவளிடம் வந்து சேரும். அவளுக்குத் துணி தேய்க்கிற ஸ்டீம் பெட்டி. கதவு அகலத்தில் இரண்டு பலகைகள். துணியைக் கீழ்ப்பலகையில் இழுத்து விரித்து, வலது காலால் பெடலை மிதித்தால் மேல்பலகை இறங்கும். ஆவி புஸ்ஸென்று நாலு பக்கமும் சீறும். காலை எடுத்தால் பலகை தூக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆயிரம் மிதிக்குக் குறையாது. பதினாறு வருடமாக மிதிக்கிறாள். அங்கே அவளுக்குப் பெயரே பெடலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்தக் கூடத்தில் தாகம் எடுப்பது அதிசயமே இல்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் எப்போதும் வியர்த்திருக்கும். சுவரில் கை வைத்தால் ஈரம். அதனால் அந்த வருடம் அவள் பாட்டில் பாட்டிலாகக் குடிக்க ஆரம்பித்தபோது அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே நின்று விரிப்புகளை மடிக்கிற பெண்தான் கேட்டாள். அவளை எல்லாரும் மடிப்பு என்பார்கள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"அக்கா, ஒட்டகம்கூட ஒரு தடவை குடிச்சா ஒரு வாரம் தாங்கும். நீ என்ன, மணிக்கு ஒரு பாட்டில் காலி பண்றே?"

"சூடு தாங்கலைடி."

"பதினாறு வருஷமா இல்லாத சூடா? அந்த மேஸ்திரி நீ எத்தனை தடவை பாத்ரூம் போறேன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கான். நேத்து ஏழாம்."

"எண்ணட்டும். அவனுக்கு வேற வேலை இல்லை."

"எதுக்கும் ஒரு டாக்டரைப் பாரேன்."

"ஒரு வீட்டுல ஒரு நோயாளி போதாதா?" என்று பெடலக்கா சிரித்தாள். மடிப்பும் சிரித்துவிட்டு அடுத்த விரிப்பை உதறினாள்.

மெஷினில் எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நூற்றிருபது, நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்தொன்பது. ஐந்தாவது மாதம் நூற்றறுபதைத் தொட்டது. டிரைவருக்கு முகம் சுருங்கியது. வாடகைக்கு எடுத்த பொருளில் கீறல் விழுந்தால் பார்ப்பார்களே, அப்படி அவள் விரலைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி என்ன தின்னே?"

"நீங்க தின்னதுதான். ஒரே சட்டியிலதானே வடிச்சேன்."

"இனிமே ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ சாப்பிட வேண்டாம். ஒரு வேளைதானே? பட்டினி கிடந்தா நம்பர் கொஞ்சம் இறங்கும்."

அவள் சரி என்றாள். ஆக, அவருக்கு நல்ல எண் வருவதற்காக ஞாயிறு இரவு அவள் பட்டினி கிடந்தாள். அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார். இதில் ஏதோ கோணல் இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பழக்கம் என்பது அப்படிப்பட்ட சனியன், எதையும் ஒரு மாதத்தில் சாதாரணமாக்கிவிடும்.

ஆறாவது மாதம் நூற்றெண்பத்திரண்டு. நர்ஸம்மா டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இப்படியே ஏறினால் இன்னும் இரண்டே மாதத்தில் வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்று தாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிட்டார். கையில் ஒரு காகிதத்தையும் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் பழைய மனிதராக வரவில்லை. காகிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு பருப்போ முட்டையோ. மீதிக் கால் பங்குதான் சோறு, அதுவும் தீட்டாத அரிசி. டீயில் சர்க்கரை கூடாது. மாத்திரையைத் தவறவிடக் கூடாது. வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தினமும் நாற்பது நிமிடம் கைவீசி நடக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. படுக்கப் போகுமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல காகிதம்தான். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தப்பு, அது ஒட்டப்பட்ட வீட்டில் இருந்தது.

தீட்டாத அரிசியையும் கீரையையும் முட்டையையும் இரண்டு பேருக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் அவருக்கு மட்டும் தனியாகச் செய்தாள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த வெள்ளை அரிசி மூட்டை அவள் பங்குக்கு வந்தது. அவர் விட்டுவிட்ட பிஸ்கட் பாக்கெட்டுகள் அலமாரியில் வரிசையாக நின்றன. தூக்கிப்போட மனசு வருமா? டீயில் தொட்டுத் தொட்டு அவளே தின்று தீர்த்தாள். டிப்போவில் யாராவது பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தால், முன்பெல்லாம் வழியிலேயே தின்றுவிடுகிற மனுஷன் இப்போது பத்திரமாகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் தொடலை பாத்தியா? நீ சாப்பிடு" என்பார். பாசத்தோடுதான் கொடுத்தார். அவளும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் நடை. சாயங்காலம் லாண்டரியிலிருந்து அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள், டிரைவர் வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். அவருக்கு மகள் அனுப்பிய ஷூ அது, அடியில் மெத்து மெத்தென்று இருக்கும். முதல் நாள் போனில் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பாவைத் தனியா விடாதே. நடக்கும்போது சுகர் இறங்கிடுச்சுன்னா மயக்கம் வரும். நீயும் கூடப் போ."

"நாள் முழுக்க நின்னுட்டு வர்றேன்டி."

"நிக்கறது வேற, நடக்கறது வேறம்மா. உனக்கும் நல்லதுதானே? அப்பா பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் போட்டு வை. தண்ணி எடுத்துக்கோ. அப்பா கால்ல கொப்புளம் ஏதாவது இருக்கான்னு தினமும் பாரு."

"பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாதே, கண்ணாடி வச்சுப் பாரு."

பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஆறு சுற்று. டிரைவர் முன்னால் போவார். அவள் ரப்பர் செருப்போடு பத்தடி பின்னால். இருபத்துமூன்று வருடம் உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவருக்கு, நடப்பது புதிதாகக் கல்யாணம் ஆனது போல இருந்தது. திரும்பித் திரும்பி அவளுக்குப் பாடம் நடத்துவார்.

"கையை வீசு. கையை வீசி நடக்கணும். என்ன நீ, துணி காயப்போடப் போறவ மாதிரி வர்றே?"

"கால் மரத்துப்போச்சுங்க. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. பழகிடும்."

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டுவார். அவள் கீழே உட்கார்ந்து, அவர் சவரம் பண்ணுகிற கண்ணாடியைப் பிடித்து, குதிகால், விரல் இடுக்கு, பெருவிரல் அடி என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு எண்ணெய் தடவித் துடைப்பாள். டிரைவரின் பாதம் அந்த இரண்டு மாதத்தில் பச்சைக் குழந்தையின் பாதம் போல் ஆகிவிட்டது. தன் காலைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வலித்தால்தானே தோன்றும்?

இவ்வளவு செய்தும் எண் இறங்கவில்லை. எட்டாவது மாதம் முதல் திங்கட்கிழமை இருநூற்றேழு. டிரைவர் மெஷினை மேசைமேல் பொத்தென்று வைத்தார்.

"என்னடி இது! நான் சோத்தை விட்டேன், சர்க்கரையை விட்டேன், நாய் மாதிரி நடக்கறேன். அப்பவும் ஏறுதே!"

இதைக் கேட்டு யாராவது சிரித்திருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இது என் ரத்தம்தானே?"

"அதனால?"

"எனக்கு இருக்குமோ?"

டிரைவர் ஒரு நிமிஷம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை உதறினார்.

"உனக்கு எங்கேருந்து வரும்? உக்காந்து திங்கறவங்களுக்கு வர்ற வியாதி இது. நீ நாள் முழுக்க நிக்கறவ. பட்டை பழசா இருக்கும், ஈரம் ஏறியிருக்கும். உங்க லாண்டரி ஆவி உன் உடம்போட வீட்டுக்கு வருதே."

"இல்லே, ஒரு தடவை உங்க விரல்ல எடுத்துப் பாக்கலாமே?"

"எடுத்து? அதுவும் உள்ளே பதிஞ்சுடும். உன்னுதே இருநூறுன்னா என்னுது என்ன காட்டுமோ. சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். நம்பிவிட்டாளா என்றால், இல்லை. பயம். தனக்கு வியாதி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு இந்த மனுஷனுக்கு யார் விரல் கொடுப்பது, இரண்டு பேரும் படுத்துவிட்டால் யார் எழுந்து அடுப்பு மூட்டுவது என்று ஒரு பயம். அதைவிட, அந்த வார்த்தையை வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்கிற பயம். அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானமும் சேர்த்துப் பட்டினி கிடந்து பார்த்தாள். காலையில் இருநூற்றிருபத்தொன்று.

மூன்றாவது திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்றைக்கு ஓட்டல் விரிப்புகள். பாலாடை மாதிரி வெள்ளை. மேஸ்திரி ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே வந்தான்.

"பெடலக்கா! என்ன இது? யார் கையை அறுத்துக்கிட்டது? வரிசையா நாலு விரிப்புல சிவப்பு!"

விரிப்பின் ஓரம் தரையில் புரளும் இடத்தில் காசளவு காசளவாகக் கறை. அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மடிப்பும் காட்டினாள். கைகளில் ஒன்றுமில்லை. மடிப்பு குனிந்து தரையைப் பார்த்தாள். ஸ்டீம் பெட்டியின் பெடலில் சிவப்பாக ஈரம் மின்னியது.

"அக்கா, காலைத் தூக்கு."

"எந்தக் காலை?"

"வலது காலை. அய்யய்யோ, தூக்குக்கா!"

ரப்பர் செருப்பு தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, பெடல் படுகிற இடத்தில், தோல் கழன்று ஒரு குழி விழுந்திருந்தது. அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. வாடையும் வந்தது. மடிப்பு மூக்கைப் பொத்தவில்லை, அவ்வளவு மரியாதை அவளுக்கு உண்டு.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"இவ்வளவு பெரிசா இருக்கு, வலிக்கலையா?"

"நிஜமா இல்லைடி. எப்ப வந்துச்சுன்னே தெரியலை."

"வலிக்காதது நல்லதுக்கில்லைக்கா. எங்க மாமனாருக்கும் இப்படித்தான், வலிக்கலை வலிக்கலைன்னு சொல்லிச் சொல்லியே கடைசியில முட்டிக்குக் கீழே எடுத்தாங்க. இன்னைக்கே போ."

"திங்கட்கிழமை கழியட்டும்."

"திங்கட்கிழமையில அப்படி என்ன இருக்கு?"

பெடலக்கா கீழே குனிந்தாள். கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டாள். மேஸ்திரி அந்த நாலு விரிப்பையும் மறுபடி வெளுக்க அனுப்பினான். அவள் சாயங்காலம் வரைக்கும் இடது காலால் மிதித்தாள். அன்றைக்கும் மைதானத்தில் ஆறு சுற்று உண்டு. துணி சுற்றிய காலோடு பத்தடி பின்னால் போனாள். டிரைவர் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கையை வீசினாள்.

திங்கட்கிழமை இருநூற்று முப்பத்தாறு. டிரைவர் மெஷினை உறையில் போட்டார். உப்புமில்லாத சர்க்கரையுமில்லாத முகத்தோடு டீயை வாயில் வைத்துவிட்டு, பாதியில் எழுந்துகொண்டார். வாசலில் நின்று, "ஷெட்டுக்குத்தான் போவேன்னு நினைக்கறேன். ரப்பர் பூட்ஸ் டிப்போவுலயே குடுப்பாங்களோ என்னவோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் காலைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று லாண்டரியில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. இருபத்துமூன்று வருடம் உயரமான சீட்டில் உட்கார்ந்தவர், இனிமேல் குனிந்து சக்கரம் கழுவுவாரே என்றுதான் நினைத்து நினைத்து மறுகினாள். இந்த அழகில் அவளைச் சுயநலக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது டிரைவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் புத்தம் புதிதாகச் சிவப்பு உறையில் ஒரு மெஷின் இருந்தது.

"வா வா வா! உக்காரு. இனிமே உன் விரல் வேண்டாம். உனக்கு விடுதலை!"

"என்னங்க ஆச்சு? வண்டி?"

"வண்டி எங்கே போகும்? நாளைக்கு எனக்குத்தான் மொதல் டிரிப்பு. கேளு. நர்ஸம்மா மூணு நம்பரையும் பாத்தாங்க. பேனாவை எடுத்துட்டாங்க எழுதறதுக்கு. எனக்கு உசிரே இல்லை. அப்புறம் என்ன நினைச்சாங்களோ, உக்காருங்க, நானே ஒரு தடவை எடுத்துப் பாக்கறேன்னாங்க. கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கிட்டேன். எவ்வளவு சொல்லு?"

"எவ்வளவு?"

"நூத்திப் பதினெட்டு! என் விரல்ல! என் சொந்த விரல்ல! அந்தம்மாவே நம்பலை, இன்னொரு விரல்ல எடுத்தாங்க. நூத்திப் பதினாறு. நடை, சாப்பாடு, மாத்திரை, எல்லாம் வேலை செஞ்சிருக்கு. நான்தான் தெரியாம முட்டாள் மாதிரி உன் விரலை வச்சுக்கிட்டு அழுதிருக்கேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, அந்தம்மா என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பாக்கறாங்க. 'இது யாரோட ரத்தம்?'னு கேட்டாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. 'என்னோடதுதான் மேடம், மெஷின் கோளாறு'ன்னேன். விடறாங்களா? கதவைச் சாத்திட்டு, 'டிரைவரே, நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன். ஆனா இது நிஜமாவே ஒரு ஆளோட ரத்தம்னா, அந்த ஆளை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எட்டு மாசமா மருந்தில்லாம ஏறியிருக்கு. கால்ல புண்ணு கிண்ணு இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் மாட்டுவேனா? மெஷின்தான்னு ஒரே பிடியா நின்னுட்டேன். கடைசியில பழசை வாங்கி வச்சுக்கிட்டு, புதுசு குடுத்துட்டாங்க." டிரைவர் சிவப்பு உறையைத் தட்டிக் காட்டினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறே?" என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது காலைத் தூக்கி மேசை விளிம்பில், புது மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த வீட்டில் மேசைமேல் அவள் கால் வைத்ததில்லை. சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டியிருந்தது. அதைப் பிடுங்கினாள், அப்போதும் வலிக்கவில்லை.

"உங்க கண்ணாடியை எடுத்துட்டு வாங்க" என்றாள். "அந்தம்மா கேட்ட ஆளைப் பாக்க வேண்டாமா?"

டிரைவர் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. முதலில் அவர் முகத்தில் வந்தது பரிதாபம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அது நிற்கவில்லை. அதற்குப் பின்னாலேயே வேறு ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொள்வதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"ஏன்டி சொல்லலை? எப்பலேர்ந்து? சரி சரி, நாளைக்குப் போயிடலாம். நாளைக்கு மொதல் டிரிப்பு எனக்கு, லீவு கேட்டா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வரும். நீ ஆட்டோ பிடிச்சுப் போயிடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதே, நர்ஸம்மா அங்கதான் பாதி நாள் இருக்காங்க. பக்கத்துல இருக்கே, சின்னது, அங்க போ."

"அங்க கால் புண்ணுக்குப் பாப்பாங்களா?"

"பாக்காம? இன்னொண்ணு, நல்லா கேட்டுக்கோ. முன்னாடி டெஸ்ட் பண்ணியிருக்கியான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை. எனக்கு அஞ்சு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை எடுத்துத் திரும்பவும் சுற்றிக்கொண்டாள். வழக்கம்போல அவர் வெள்ளை ஷூவை எடுத்து மாட்ட ஆரம்பித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் வாசலில் சற்று நேரம் நின்றார். பிறகு தனியாகவே நடக்கப் போனார். பாக்கெட்டில் மிட்டாய் இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். மடிப்பு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வந்தாள். சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் என்ன என்று கேட்டார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொல்ல அவளுக்கு ஒரு விநாடி பிடித்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மகள் வயது இருக்கும். புண்ணைப் பார்த்து முகம் மாறியதை மறைத்துக்கொண்டாள். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டாள். குதிகாலில் மட்டும் தெரிந்தது. பெருவிரலை எடுக்க வேண்டி வரலாம் என்றாள். பக்கத்து விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றாள். மடிப்பு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பெடலக்காவுக்கு, இனிமேல் எந்தக் காலால் மிதிப்பது என்றுதான் முதலில் தோன்றியது.

"ரத்தம் எடுக்கணும்மா" என்று டாக்டர் ஊசியைத் தேடினாள். அதற்கு முன்பே இடது கை மோதிர விரல் தானாக நீண்டிருந்தது. டாக்டர் அந்த நுனியைப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகக் குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது.

"முன்னாடியே டெஸ்ட் பண்ணிட்டிருக்கீங்களாம்மா?"

மடிப்பு திரும்பிப் பார்த்தாள். பெடலக்காவுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒற்றை வார்த்தை ஞாபகம் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றாள். "எட்டு மாசமா. வாராவாரம், திங்கட்கிழமை."

"வாராவாரமா? அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் விட்டீங்க? ரிப்போர்ட் எல்லாம் எங்கே?"

"இருக்கு. தேதியோட பத்திரமா இருக்கு" என்றாள் அவள். "எல்லாம் என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு."